ஆறு தேசத்தார் வேர்விட்ட கடல்

முள்ளிக்குடாக் கடலில் ஆறு தேசத்துப் பெரிய மனிதர்கள் வேர்விட்டது ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்பு. கரையில் நின்றிருந்த எழுபத்து மூன்று பெண்களில் ஒருத்திகூட அதைப் பார்த்து வாயில் கை வைக்கவில்லை. கடலில் நெடுநேரம் அசையாமல் கிடக்கும் எதுவும், கல்லானாலும் கயிறானாலும் கவிழ்ந்த படகானாலும், கடைசியில் பாசி பிடித்து அங்கேயே தங்கிவிடும் என்பது அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்துவருவதுதான். மனிதர்கள் மட்டும் அதற்கு என்ன விலக்கா, அதுவும் அன்றைக்கு அவர்கள் நின்றது கொஞ்ச நேரமா?

அந்தப் பெண்களின் சங்கத்துக்குத் தலைவி நம்புவள்ளி. ஒன்பது வயதில் அம்மாவோடு கடலில் இறங்கியவள், நாற்பத்தாறு வயதிலும் இறங்கிக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிச்சுற்று, நீந்துவதற்குக் காலில் கட்டிய தகரத்தட்டு. இவ்வளவுதான் அவளுடைய தொழிற்சாலை. ஊரில் எல்லோரும் அவளை நம்பு என்பார்கள். திட்டத்துக்காரர்கள் வந்த முதல் நாளே அந்தப் பெயரின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மிகவும் மகிழ்ந்து, அவள் சிரிக்கும் படம் ஒன்றை எடுத்துத் தங்கள் காகிதங்கள் எல்லாவற்றின் முகப்பிலும் அச்சடித்துக்கொண்டார்கள். அவள் அப்போது சிரிக்கவில்லை. வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தாள்.

திட்டம் இதுதான். கடலில் பாசி வளர்ப்பது, வளர்ந்த பாசியை அறுத்துத் தொட்டியில் புளிக்கவைப்பது, புளித்ததிலிருந்து எண்ணெயும் வாயுவும் எடுப்பது, எடுத்ததை ஊற்றினால் பேருந்து ஓடும், படகு ஓடும், விளக்கு எரியும், அதற்கப்புறம் எந்தத் தேசமும் எரிபொருளுக்காக இன்னொரு தேசத்தின் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. இப்படி யாரையும் நம்பியிராமல் தனித்தனியாக வாழ்வதற்காகத்தான் ஆறு தேசங்களும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு முள்ளிக்குடாவுக்கு வந்திருந்தன. இதில் ஏதோ இடிக்கிறதே என்று நம்பு கேட்டபோது, அது உங்களுக்குப் புரியாது, உலக அளவிலான விஷயம் என்றார்கள். புளிக்கவைக்கும் தொட்டி இரண்டு வருஷத்துக்கு முன்பே வந்து இறங்கி, கரையோரக் கொட்டகையில் பளபளவென்று நின்றது. ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் ஓடும் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை அதற்குள் காக்கை முட்டையிட்டது.

கையெழுத்தைக் கரையில் போட்டால் என்ன? போட்டிருக்கலாம். ஆனால் முழங்கால் தண்ணீரில் நின்று போட்டால் படம் நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். எனவே பெண்களின் நாற்பது மூங்கில் மிதவைகளையும், அவற்றில் பாதி வளர்ந்திருந்த பாசியோடு சேர்த்து, ஆழத்துக்குத் தள்ளிவிட்டு, ஊரிலேயே நல்ல பாசித்தரையான அந்த இடத்தில் இரும்புக்கால் மேசை ஒன்றைப் போட்டு, அதைச் சுற்றி ஆறு பேரும் கோட்டும் காலணியுமாக இறங்கி நின்றார்கள். டெல்லியிலிருந்து பட்நாகர் என்ற அதிகாரி. பாதி வருஷம் பனி மூடிக்கிடக்கும் நாட்டிலிருந்து ஹெல்விக் என்ற நெட்டையான விஞ்ஞானி, அவர்தான் குழுத்தலைவர். தீவு நாட்டார் ஒருவர், மலை நாட்டார் ஒருவர், எண்ணெய்க் கிணறு வற்றிய நாட்டார் ஒருவர், கடலே இல்லாத நாட்டார் ஒருவர். கையெழுத்துக்கு ஒரு நிமிஷம் ஆனது. கையெழுத்தைப் பற்றிய உரைகளுக்கு மூன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

உரை முடிந்து கரையேறலாம் என்று பார்த்தால் ஒருவருக்கும் கால் வரவில்லை. சேறு என்றார்கள். இழுத்துப் பார்த்தார்கள். போலீஸ்காரர்கள் இரண்டு பேர் இறங்கிப் பட்நாகரின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க, அவர் அலறிய அலறலில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. நம்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூழ்கிப் பார்த்தாள். காலணியின் தையலைப் பிளந்துகொண்டு, பழுப்பாய், விரல் பருமனில், கொத்துக்கொத்தாக வேர்கள் இறங்கி, மணலுக்கடியில் இருந்த பாறையைக் கவ்விப் பிடித்திருந்தன. நல்ல பிடி. பாசிக்கு இப்படிப் பிடித்தால் அந்த வருஷம் அறுவடைக்குக் கவலையில்லை. அவள் எழுந்து முகத்தை வழித்துவிட்டுச் சொன்னாள்:

"ஐயா, வேர் புடிச்சிருச்சு. ஆறு பேருக்குந்தேன்."

கூட இருந்த மொழிபெயர்ப்பாளன் இளங்குமணன், மதுரையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன், நீலச் சட்டையும் ஒட்டிய கன்னமுமாக இருப்பவன், அதை ஆங்கிலத்தில் சொன்னான். ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஹெல்விக், எல்லோரும் இங்கேயே இருப்பதால் குழுவின் முதல் கூட்டத்தை இப்போதே தொடங்கிவிடலாம் என்றார். தொடங்கினார்கள்.

மருத்துவர் வந்து நாடி பார்த்தார், ரத்தம் எடுத்தார். ரத்தம் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் உப்பு, மற்றபடி பழுதில்லை என்றார். ஊரில் அவரவர்க்குத் தோன்றியதைச் சொன்னார்கள். கோவில் பூசாரி இது தெய்வகுற்றம் என்றார். பங்குச் சாமியார் இது சோதனை என்றார். பள்ளிவாசல் மோதினார் மட்டும், அந்த ஆட்களுக்கு யாராவது குடை கொடுத்தீர்களா என்று கேட்டார். அப்போதுதான் எல்லோருக்கும் அது உறைத்து, ஆறு கம்பு நட்டு ஆறு கீற்றுப்பந்தல் போட்டுக்கொடுத்தார்கள்.

அப்புறம் சாப்பாடு. ஆறு தேசமும் ஆறு தேசத்துச் சமையல்காரர்களை அனுப்புவதா, ஒரே சமையல்காரரை ஆறு தேசமும் சேர்ந்து அனுப்புவதா என்று கூட்டம் கூடி இரண்டு நாள் பேசியும் முடிவுக்கு வராததால், மூன்றாம் நாள் பசியில் மயங்கிச் சரிந்த மலைநாட்டாரைப் பார்க்கப் பொறுக்காமல் நம்புதான் கஞ்சியும் கருவாடும் கொண்டுபோனாள். அன்றிலிருந்து அது சங்கத்தின் வேலையாகிவிட்டது. முறை வைத்துப் பெண்கள் தூக்குச்சட்டியோடு நடந்துபோய் ஊட்டினார்கள். ஆம், ஊட்டத்தான் வேண்டியிருந்தது. கையில் எந்நேரமும் காகிதம்.

நம்புவின் நாத்தனார் பூமயிலுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. வாய் நீளமான பொம்பிளை, சங்கத்தில் எல்லோரைவிடவும் ஆழத்துக்கு முங்கக்கூடியவள்.

"மதினி, எங்க அண்ணனுக்கு நீ ஒரு நா ஊட்டியிருப்பியா?"

"ஒங்கண்ணனுக்கு வேரா விட்டிருக்கு?"

"கூரைக்கடியில வேர் விட்டுத்தேன் கெடக்காக, நீ பாக்கல."

இந்த வேடிக்கைப் பேச்செல்லாம் பங்குனிவரைதான். பங்குனியில் ஓர் உத்தரவு வந்தது. ஆறு பேரும் நிற்கும் இடத்தைச் சுற்றி நாலு பக்கமும் அரைக் கிலோமீட்டர் கடல் 'ஒத்துழைப்பு மண்டலம்', அதற்குள் மிதவை கட்டக் கூடாது, பாசி எடுக்கக் கூடாது, முங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. உணவளிக்கும் பெண்கள் மட்டும் அடையாள அட்டையோடு போய்வரலாம். முள்ளிக்குடாவின் பாசித்தரை மொத்தமே அந்த அரைக் கிலோமீட்டர்தான். பாசி வளர்ப்பதற்கான திட்டம் கையெழுத்தான பிறகு முள்ளிக்குடாவில் ஒரு கைப்பிடிப் பாசிகூட வளரவில்லை.

கரையில் ஒத்துழைப்பு அலுவலகம் ஒன்று முளைத்தது. அதற்குக் குளிர்சாதனம், அதற்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு நாள்தோறும் லாரியில் டீசல். கடலுக்குள் நிற்பவர்களுக்கும் கம்பி இழுத்துத் தலைக்கு மேல் மின்விசிறி, விளக்கு, ஒலிபெருக்கி. டீசலே வேண்டாம் என்பதற்கான கூட்டம் டீசலில் கடகடத்துக்கொண்டு நடந்தது. காலியான நீல நிறப் பீப்பாய்கள் கரையில் மலைபோல் குவிந்தன.

ஊர் எதையும் செரித்துவிடும். சித்திரை பிறப்பதற்குள் மீனவர்கள் அவர்களை அடையாளக் கல்லாக்கிக்கொண்டார்கள். டெல்லிக்காரருக்கு வடக்கே வலை போட்டேன், தீவுக்காரருக்கும் மலைக்காரருக்கும் நடுவில் நண்டு நிறைய, என்று பேசிக்கொண்டார்கள். வேலைவெட்டிக்குப் போகாத புருஷனுக்கு 'ஒப்பந்தம்' என்று பட்டப்பெயர் வந்தது. "எங்க வீட்டு ஒப்பந்தம் இன்னும் எந்திரிக்கல." வெளியூரிலிருந்து வேனில் வந்தவர்கள் ஹெல்விக்கின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டி, வேலை நிரந்தரமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனார்கள், இவ்வளவு நிரந்தரமான ஆளை அவர்கள் வேறெங்கும் பார்த்ததில்லை. ஏழாவதாக ஒரு தேசம், தான் மட்டும் விட்டுப்போனதில் ரோஷப்பட்டு, ஒரு பிரதிநிதியை அனுப்பிவைத்தது. அவர் வந்து இருபது நாள் தண்ணீரில் நின்றும் ஒரு மயிரளவு வேர்கூட விடவில்லை. கடைசியில் ரப்பர் வேர் கட்டிக்கொண்டு நிற்பதாகப் பூமயில் முங்கிப் பார்த்துவிட்டு வந்து ஊரெல்லாம் சொல்ல, அவமானத்தில் ஊர் திரும்பினார்.

வேர்விட்ட ஆறு பேருக்கோ முட்டிக்கு மேல், தொடைக்கு மேல், இடுப்புக்கு மேல் பாசி ஏறிக்கொண்டே வந்தது. அவர்கள் கவலைப்படவில்லை. உலகத்துப் பத்திரிகைகளில் எல்லாம் அவர்கள் படம் வந்துகொண்டிருந்தது. வேர் பற்றி ஆராய இடதுகால் உபகுழு, வலதுகால் உபகுழு என்று இரண்டு அமைத்து, இரண்டிலும் அவர்களே உறுப்பினர்களானார்கள்.

விடுவிக்கும் வழி நம்புவுக்கு முதல் வாரமே தெரியும். பாசி தொழில் செய்கிற யாருக்கும் தெரியும். மழைக்காலத்தில் ஓடைத்தண்ணீர் வந்து விழுந்தால் பாசி வெளுத்து, நைந்து, பிடியை விட்டுவிடும்.

"நல்ல தண்ணி பட்டா வேர் விட்டுரும்யா. உப்புத்தண்ணிய எறைச்சிட்டு, கால் முங்குற அளவுக்கு நல்ல தண்ணிய ஊத்தி நிப்பாட்டுனா போதும்" என்று அவள் சொன்னாள். இளங்குமணன் அதை ஒழுங்காகவே சொன்னான். ஹெல்விக் தலையசைத்தார். அது 'மரபு அறிவு' என்ற தலைப்பில் அறிக்கையின் ஏழாம் இணைப்பில் சேர்க்கப்பட்டது. ஏழாம் இணைப்பை யாரும் வாசிப்பதில்லை.

அவள் சொன்ன மற்றதுதான் வேறு விதமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் கஞ்சியை ஊட்டும்போது, எங்கள் இடத்தை எங்களிடம் விட்டுவிடுங்கள் என்று அவள் சொல்வாள். ஒவ்வொரு நாளும் ஆறு பேரும் சிரித்துக்கொண்டே கைகூப்புவார்கள். இப்படிப் பல நாள் பார்த்துவிட்டு, ஆனி மாதத்தில் ஒரு நாள் கரையேறும்போது அவள் இளங்குமணனின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தம்பி, நான் அழுகாத கொறையாச் சொல்றேன், அவக சிரிக்கிறாக. நீ என்னத்தச் சொல்ற?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இந்த இடம் உங்களுடையதுதான்னு நீங்க சொல்றதா..."

"யாரோடது?"

"அவங்களோடது. அக்கா, நீங்க சொல்றத அப்படியே சொன்னா நாளைக்கே என்னை அனுப்பிட்டு வேற ஆளக் கொண்டுவந்துருவாங்க. அவன் இதைவிட மோசமாச் சொல்லுவான்."

"இதவிட மோசமா என்ன இருக்கு?"

அவள் சட்டையை விட்டாள். கோபம்கூட வரவில்லை. தன் படத்தை அச்சடித்த மாதிரியே தன் வாயையும் இவர்கள் அச்சடித்துக்கொண்டார்கள் என்று நினைத்தாள். மறுநாளும் முறை வந்தது. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். பசிக்கிறவனுக்குச் சோறில்லை என்று சொல்ல அவளுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆவணிக்குள் பதினோரு வீடுகள் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போயின. பூமயிலின் புருஷனும் மகளும் போனார்கள். பூமயில் போகவில்லை. பனியன் கம்பெனியில் மூச்சடக்கத் தேவையில்லை, எனக்கு அங்கே என்ன வேலை என்று சொல்லிவிட்டாள். காலையில் கரையில் வந்து உட்கார்ந்து, போகக் கூடாத கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கார்த்திகையில் புயல் கிளம்பியது. எட்டாம் எண் கூண்டு ஏற்றினார்கள். மதியத்துக்குள் ஒத்துழைப்பு அலுவலகத்தின் முன்னால் மூன்று லாரிகள் வந்து நின்றன. குளிர்சாதனம் ஏறியது, ஜெனரேட்டர் ஏறியது, சோபாக்கள் ஏறின, நாற்பத்திரண்டு பெட்டிக் காகிதம் தார்ப்பாய் சுற்றி ஏறியது. கடலில் நிற்கிற ஆறு பேர்? அலுவலகப் பொறுப்பாளர், அது பற்றி மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு முதல் லாரியில் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். இளங்குமணனுக்கு லாரியில் இடமில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தான்.

ஊரும் பள்ளிக்கூடக் கட்டிடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. புயல் வந்தால் குடிதண்ணீர் எடுக்கும் மணல் ஊற்றுகளுக்குள் கடல் புகுந்துவிடும், அப்புறம் ஒன்றிரண்டு மாதத்துக்கு எந்த ஊற்றிலும் உப்புதான். அதனால் மூன்று நாளாக ஒவ்வொரு வீடும் சிரட்டை சிரட்டையாக மொண்டு குடங்களை நிரப்பி வைத்திருந்தது. குழாய் வரும் என்று இந்தத் திட்டத்திலும் சொல்லியிருந்தார்கள். சொல்லாத திட்டம் உண்டா?

நம்பு கடலைப் பார்த்தாள். தண்ணீர் வற்றிக் கிடந்தது, புயலுக்கு முன்னால் இழுத்துக்கொள்ளும் வற்றல். ஆறு பேரும் முழங்காலுக்குக் கீழே தண்ணீரில், மின்விசிறி நின்றுபோய், அப்போதும் எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். மாலைக்குள் அந்தத் தண்ணீர் பனை உயரத்துக்கு எழுந்து திரும்பி வரும்.

"கொடங்கள எடுங்க" என்றாள்.

பூமயிலுக்கு உடனே புரிந்துவிட்டது. "மதினி, ஒனக்கு என்ன கிறுக்கா? பிள்ளைக குடிக்க வச்ச தண்ணி."

"தெரியும்."

"அவக நம்மள எங்கயாச்சும் பாத்தாகளா? பத்து மாசமாச் சோறு தின்னாக, ஒங்க பேரு என்னன்னு ஒருத்தி பேரயாச்சும் கேட்டாகளா? என் மக அங்க நூல் பிசிரத் தின்னுக்கிட்டு இருமுறா. நிக்கட்டும். எடம் அவகளோடதுதானே, எடத்தக் கட்டிப்புடிச்சிக்கிட்டு சாகட்டும்."

பூமயில் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது. நம்பு மறுக்கவும் இல்லை.

"நீ சொல்றதெல்லாம் சரிதேன் பூமயிலு. ஆனா செத்தா எங்க சாவாக? நம்ம தரையில சாவாக. நாளைக்கு நீ முங்கி எந்திரிக்கிறப்ப ஒவ்வொரு தடவையும் அந்த மூஞ்சியத்தேன் பாப்ப. எனக்கு அவக வேணாம், உசுராவும் வேணாம், பொணமாவும் வேணாம். என் தரையக் காலி பண்ணிட்டுப் போகட்டும்."

பூமயில் மூக்கைச் சிந்திவிட்டு, தன் வீட்டுக் குடத்தை முதலில் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"முங்கித்தானே பொழைக்கணும்" என்றாள்.

டீசல் பீப்பாய்களில் ஆறைத் தேர்ந்தெடுத்து, மேலும் கீழும் வெட்டி, மணல் போட்டுத் தேய்த்து உருட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொருவர் தலைவழியாகவும் ஒரு பீப்பாயை இறக்கி, காலைச் சுற்றி மணலில் அமுக்கி, உள்ளேயிருந்த உப்புத்தண்ணீரை இறைத்து வெளியேற்றினார்கள். பெண்கள் குடங்களோடு வரிசையாக நின்றார்கள். அப்போது பட்நாகர் கையை உயர்த்தினார். பீப்பாய்க்குள் இருந்தபடியே ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார்.

"என்னங்கிறாரு?" என்றாள் நம்பு.

"வேர்கள் இப்ப ஆறு நாட்டுக்கும் பொதுச் சொத்தாம்" என்றான் இளங்குமணன். "அத எடுக்கணும்னா தீர்மானம் போடணுமாம். ஓட்டெடுப்புக்கு அஞ்சு நிமிஷம் கேக்குறாரு."

கிழக்கே வானம் ஈயம்போலக் கறுத்திருந்தது. ஓட்டெடுப்பு நடந்தது. தீவுநாட்டார் ஆதரித்தார். மலைநாட்டார் ஒரு திருத்தத்தோடு ஆதரித்தார். எண்ணெய் வற்றிய நாட்டார், 'விடுவித்தல்' என்ற சொல்லுக்குப் பதில் 'இடமாற்றம்' என்று போட வேண்டும் என்றார். கடலே இல்லாத நாட்டாருக்குத் தன் தலைநகரத்தைக் கேட்க வேண்டியிருந்தது. தொலைபேசிக் கோபுரம் அதற்குள் செத்துவிட்டிருந்தது. ஹெல்விக், ஏழாம் இணைப்பு இன்னும் முறைப்படி ஏற்கப்படவில்லை என்பதால் தலைவர் என்ற முறையில் தான் வாக்களிப்பதற்கில்லை என்றார். இதற்குள் தண்ணீர் முட்டிக்கு மேலே வந்துவிட்டது.

நம்பு குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இளங்குமணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி, நான் சொல்றத அப்படியே சொல்லு. ஒரு சொல்லு கொறஞ்சாலும் கூடுனாலும் ஒன்னையும் இங்கனயே நட்டு வச்சிட்டுப் போயிருவேன்."

"சொல்லுங்கக்கா."

"நீங்க நிக்கிறது கூட்டத்துல இல்ல, கடல்ல. கடலுக்கு ஒங்க கையெழுத்துத் தெரியாது. பத்து மாசமா வெளங்காத பயலுக ஆறு பேருக்குச் சோறூட்டுனோம், அது எங்க கெட்ட நேரம். இது எங்க புள்ளைக குடிக்கிற தண்ணி. இதுல ஒரு சொட்டுக்குக்கூட நீங்க தகுதியில்ல. வாயப் பொத்திக்கிட்டுக் கால அசைக்காம நில்லுங்க."

இளங்குமணன் சொன்னான். ஒன்றையும் விடவில்லை. 'வெளங்காத பயலுக' என்பதற்குச் சரியான ஆங்கிலம் கிடைக்காமல் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து மூன்றையுமே சொன்னான். மாசியிலிருந்து ஓயாத அந்தக் கூட்டம் முதல்முறையாக வாயடைத்துப் போனது.

நம்பு முதல் குடத்தை ஹெல்விக்கின் பீப்பாயில் ஊற்றினாள். வாக்களிப்பதற்கில்லை என்றவர் அவர்தான். ஒன்றன்பின் ஒன்றாகக் குடங்கள் வந்தன. ஊரே வரப்போகும் நாட்களுக்குச் சேர்த்துவைத்த தண்ணீர் ஆறு பேரின் காலடியில் சளசளவென்று போய் விழுந்தது. இளங்குமணனும் பையை எறிந்துவிட்டுக் குடம் சுமந்தான். நம்பு கையை உள்ளே விட்டு வேரைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் கயிறுபோல் முறுக்கு. பிறகு வழவழப்பு. பிறகு வெந்த இடியாப்பம்போல் நைந்து விரலோடு வந்தது.

"வருது, தூக்குங்க!"

அவர்களால் நிற்க முடியவில்லை. பாதங்கள் பிறந்த பிள்ளையின் பாதம்போல் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பெண்கள் பாசி மூட்டையைச் சுமக்கிற மாதிரி முதுகில் போட்டுக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். பட்நாகரைத் தூக்கியது பூமயில்தான். பாதி வழியில் திரும்பி, "மதினி, கனமே இல்லையே, ஒரு காஞ்ச மூட்டை அளவுகூட இல்லையே!" என்று காற்றுக்கு மேலே கத்தினாள்.

புயல் அன்றே கரை கடந்தது. பள்ளிக்கூடத்தில் ஊரோடு ஊராகச் சுருண்டு கிடந்த ஆறு பேரையும் அழைத்துப்போக மறுநாள் காலை ஆறு கார்கள் வந்தன. வராந்தாவில் பிள்ளைகள் தாகத்துக்கு அழுதுகொண்டிருந்தன. காரில் ஏறுவதற்கு முன் பட்நாகர் ஏதோ நினைவு வந்தவராய் நம்புவின் பக்கம் திரும்பிக் கேட்டார். அவள் இளங்குமணனைப் பார்த்தாள்.

"கூட்டக் குறிப்பேட்டை யாராச்சும் பத்திரமா எடுத்து வச்சீங்களான்னு கேக்குறாரு" என்றான் அவன்.

நம்பு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையை மொழிபெயர்க்க அவனுக்கு அவசியம் இருக்கவில்லை. கார்கள் போயின. அவன் எந்தக் காரிலும் ஏறவில்லை. எந்த ஊரில் நல்ல தண்ணீர் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, இரண்டு குடத்தோடு பெண்களுக்கு முன்னால் நடந்தான்.

நாற்பது நாள் ஊற்றுகளில் உப்பு. நாற்பது நாளும் ஆறு கிலோமீட்டர் நடந்து சுமந்தார்கள். நம்புவின் தோள் காய்த்துப்போனது. திட்டிக்கொண்டே நடந்தார்கள், ஆனால் ஊற்றியிருக்க வேண்டாம் என்று பூமயில்கூட ஒரு தடவையும் சொல்லவில்லை. அந்த ஆறு பேரும் ஏதோ ஒரு குளிர் நகரத்தில் மேடையேறி, பத்து மாதம் மக்களோடு மக்களாக வாழ்ந்ததற்காக விருது வாங்கிய செய்தி அந்த நாட்களில்தான் வந்தது. இயற்கையின் கருணையால் வேர்கள் தாமாகவே விடுபட்டன என்று ஹெல்விக் பேசியிருந்தார்.

அவர்கள் நின்ற ஆறு இடங்களிலும் அறுந்த வேரிலிருந்து பாசி கிளைத்து, ஆள் உயரத்துக்கு, பார்க்கக் கண்கொள்ளாத செழிப்பாக வளர்ந்தது. பெண்கள் அறுத்து வந்து காயவைத்தார்கள். காய்ந்ததும் அத்தனையும் காற்றில் பறக்கிற சருகாகிவிட்டது. அடுப்பில் வைத்தால் எரியவில்லை. தொட்டியில் போட்டால் புளிக்கவில்லை. ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தங்கள் மிதவைகளைக் கட்டினார்கள்.

தை மாதம் கடல் தெளிந்த ஒரு காலையில், எழுபத்து மூன்று பேரும் கரையில் உட்கார்ந்து விதைப்பாசியைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார்கள். திருப்பூருக்குப் போன வீடுகள் திரும்பியிருந்தன. பூமயிலின் மகளும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டே முடிச்சுப் போட்டாள். அப்போது மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி நோட்டீஸோடு வந்து சேர்ந்தார். திட்டச் சொத்தான ஆறு வேர்த்தொகுதிகளை உரிய அனுமதி பெறாமல் நல்ல தண்ணீரைப் பயன்படுத்திச் சேதப்படுத்தியது தொடர்பாகச் சங்கத் தலைவி பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்.

"கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறீங்களாம்மா?"

"கை ஈரமா இருக்குதுங்க" என்றாள் நம்பு. "படிச்சிருங்க. கேட்டுக்கிறோம்."

அவர் படிக்கத் தொடங்கினார். பதினேழு பக்கம் இருந்தது. பார்வையில் காணும் கடிதத்தின்படி, மேற்படி ஒப்பந்தத்தின் நான்காம் கூறின்படி, மேற்கண்ட உபகுழுவின் பரிந்துரையின்படி என்று அவர் குரல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. நம்பு கடைசிக் கயிற்றில் கடைசி முடிச்சைப் போட்டாள். காலில் தகரத்தட்டைக் கட்டினாள், விரல்களில் துணியைச் சுற்றினாள், கண்ணாடியைத் துப்பித் துடைத்து மாட்டிக்கொண்டாள். மற்றவர்களும் எழுந்தார்கள்.

அவர் பதினேழாம் பக்கத்தை முடித்துத் தலைநிமிர்ந்தபோது கரையில் யாரும் இல்லை. தூரத்தில் கழுத்தளவு தண்ணீரில் எழுபத்து மூன்று தலைகள் மிதவைகளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. பிறகு ஒவ்வொன்றாக முங்கின.